டச்பேட் அமுங்கவில்லை, மூடி சரியாக மூடவில்லை: பேட்டரிதான் காரணமா?

வெயில்நிழல்

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் படித்துவிட்டுப் போகிறவள்தான், இன்றைக்குத்தான் கேள்வியோடு வந்திருக்கிறேன். ஒரு வாரமாக என் லேப்டாப்பின் டச்பேட் ஒழுங்காக அமுங்கவில்லை. இடது மூலையில் அழுத்தினால் ‘டிக்’கென்று ஒரு சத்தம் வருமே, அது வருவதில்லை, பலகையை அழுத்துகிற மாதிரி இருக்கிறது. தூசி போயிருக்கும் என்று ஊதிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், டிரைவரைக்கூட நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. நேற்றுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மூடி வைத்தால் முன்பக்கம் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிகிறது. மேசையில் வைத்து டைப் செய்யும்போது ஒரு மூலை லொடக் லொடக்கென்று ஆடுகிறது. மேசைதான் கோணல் என்று அடியில் காகிதம் மடித்து வைத்தேன், சிரிக்காதீர்கள்.

வாங்கி மூன்று வருடம் முடியப்போகிறது. வீட்டிலிருந்தே வேலை, அதனால் காலையில் சார்ஜரைச் செருகினால் அது அப்படியே கிடக்கும், இரவு தூங்கும்போதுகூடப் பிடுங்குவதில்லை. மாலையில் மெத்தை மேல் வைத்துப் படம் பார்ப்பதும் உண்டு. பேட்டரி இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது, என் குழப்பமே அதுதான். தம்பியிடம் காட்டினேன், “பேட்டரி லேசா உப்பியிருக்கும்க்கா, ஓடுற வரைக்கும் ஓட்டு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். அதுவரை தாங்குமா? அப்புறம், எப்போதும் செருகியே வைத்திருந்ததால்தான் இப்படி ஆனதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

திருப்புளி

முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

பிடுங்கியாயிற்றா? சரி. டச்பேட் கல்லாகிவிட்டது, மூடி மூடவில்லை, தட்டையான மேசையில் ஆடுகிறது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். லேப்டாப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். டச்பேட் போய்விட்டது என்று யார் கொண்டுவந்தாலும் நான் முதலில் அதைக் குப்புறப் போட்டு, அடித்தகட்டின் மேல் ஒரு ஸ்கேலை நிறுத்தி, நடுவில் மேடு தட்டுகிறதா என்றுதான் பார்ப்பேன். மெல்லிய லேப்டாப்புகளில் பேட்டரி இருப்பதே கை வைக்கிற இடத்துக்கும் டச்பேடுக்கும் நேர் கீழே. அது உப்பினால் முதலில் அடி வாங்குவது டச்பேட்தான்.

பழைய தடித்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் 18650 என்கிற உருளை செல் (பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி மின்கலம்) இருந்தது. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், வெளியே உலோகக் குப்பி. உள்ளே வாயு உண்டானாலும் வெளியே தெரியாது, அழுத்தம் மிஞ்சினால் தலைப்பக்கம் இருக்கும் வால்வு திறந்துகொள்ளும். இப்போது வருவது மெல்லிய பை மாதிரியான செல். உள்ளே ஊறியிருக்கும் திரவம் எளிதில் தீப்பிடிக்கிற கரைப்பான், தண்ணீர் சேர்ந்ததல்ல. வயதாக ஆக, அதுவும் சூட்டிலேயே முழுச் சார்ஜோடு கிடந்தால், அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகிறது. வெளியே போக வழி இல்லாததால் பை உப்புகிறது. இரண்டு மணி நேரம் நிற்கிறதே என்கிறீர்கள். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது வேறு, உள்ளே வாயு சேர்ந்திருக்கிறதா என்பது வேறு.

உப்பினதெல்லாம் வெடிக்கும் என்று பயமுறுத்த மாட்டேன். நான் கழற்றியவற்றில் ஒன்றுகூடக் கையில் எரிந்ததில்லை. ஆனால் தம்பி சொன்னது தப்பு. உள்ளே பாசிட்டிவ் தகட்டையும் நெகட்டிவ் தகட்டையும் பிரித்து வைத்திருப்பது ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அதன் தடிமன் ஏறக்குறைய 20 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. உப்பின பை இடம் தேடி நெருக்கும்போது ஏதாவது கூர்மையான விளிம்பு குத்தி அந்தச் சவ்வு கிழிந்தால், உள்ளேயே ஷார்ட் ஆகும், அந்த இடம் கொதிக்கும், 130 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சவ்வே உருக ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு சூடே சூட்டை வளர்த்துக்கொண்டு போகும், எந்த ஸ்விட்சை அணைத்தாலும் நிற்காது. போன மாதம் ஒன்றைத் திறந்தேன். கீபோர்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூ ஒன்றின் தலை, பேட்டரிப் பையில் பொட்டு வைத்த மாதிரி வட்டமாகப் பதிந்திருந்தது. கொஞ்சம் போனால் உறையே கிழிந்திருக்கும். அதைக் கொண்டுவந்தவரும் “நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு” என்றுதான் சொன்னார்.

இப்போது செய்ய வேண்டியது: இன்று பகலிலேயே, சார்ஜர் செருகாமல், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முக்கியமான ஃபைல்களை வெளியே நகல் எடுங்கள். சார்ஜ் இறங்க இறங்க உள்ளே அடைந்திருக்கும் சக்தியும் குறையும், அது நல்லதுதான். நடுவில் அடிப்பக்கம் வழக்கத்துக்கு மேல் சுட்டாலோ, நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் மாதிரி ஒரு இனிப்பான நெடி வந்தாலோ அப்படியே விட்டுவிட்டு அணைத்துவிடுங்கள். முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள், ஸ்லீப் போதாது. அழுத்தி மூடாதீர்கள், மேலே எதையும் அடுக்காதீர்கள். தரையில், திரைச்சீலையும் காகிதமும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுக் கழற்றத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை வேலையை வேறு கம்ப்யூட்டரில் முடிக்கப் பாருங்கள். “அதுவரை தாங்குமா” என்பதற்கு நானும் பதில் சொல்ல முடியாது, வேறு யாரும் சொல்ல முடியாது.

அரைகுறை

இவ்வளவு பதற்றம் தேவையா? ஒரு வீடியோவில் பார்த்தேன், பையின் ஓரத்தில் ஊசியால் மெல்லக் குத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு டேப் ஒட்டினால் பழையபடி தட்டையாகிவிடுகிறது, இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம் என்கிறார்கள். இல்லாவிட்டால் இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்தாலும் வீக்கம் வடியுமாம்.

கரித்துகள்

தயவு செய்து அந்த வீடியோவை யாரும் முயன்று பார்க்க வேண்டாம். நான் ஊசிகூட எடுக்கவில்லை, அதற்கே பட்டேன், சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உப்பின பேட்டரி ஒன்றை நானே மாற்றுகிறேன் என்று உட்கார்ந்தேன். கனெக்டரைக் கழற்றிவிட்டேன், அதுவரை சரியாகத்தான் செய்தேன். சார்ஜை இறக்காமல் ஆரம்பித்தது முதல் தப்பு, எண்பதோ தொண்ணூறோ சதவீதம் இருந்தது. இரண்டாவது தப்பு, பேட்டரி பசையால் ஒட்டியிருந்தது, கையில் கிடைத்த ஸ்டீல் ஸ்கேலை அடியில் விட்டு நெம்பினேன். மூன்று செல் வந்துவிட்டது, நாலாவதற்குப் போகும்போது ஸ்கேலின் மூலை எங்கேயோ பதிந்தது. சத்தம் என்று சொன்னால் ‘புஸ்’ என்று, சைக்கிள் டியூப்பில் காற்று இறங்குகிற மாதிரி. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் வெள்ளையாக ஒரு புகை கீழ்ப்பக்கமாகவே பரவியது, உடனே தீப்பொறி, பக்கவாட்டில் சீறுகிற தீ, ஒரு சாண் நீளத்துக்கு. நல்ல வேளையாகத் தரையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். பின்னால் நகர்ந்து, வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். அணைந்தது. அப்பாடா என்று நின்றேன், இரண்டு மூன்று நிமிடத்தில் பக்கத்துச் செல் எரிய ஆரம்பித்தது. யாரும் சொல்லித் தராத விஷயம் இதுதான்: ஒன்று எரிந்து முடிந்தால் கதை முடியாது, அந்தச் சூடு அடுத்ததைக் கிளப்பிவிடும். இன்னும் நாலு வாளி ஊற்றினேன். தரையில் இன்னும் அந்தக் கருப்பு இருக்கிறது.

லேப்டாப் பேட்டரியில் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்பார்கள். லித்தியம் உலோகம் தண்ணீரோடு சீறும் என்று பள்ளியில் படித்தது இங்கே அப்படியே பொருந்தாது, இது லித்தியம் அயான், உள்ளே உலோகமாக இருப்பது மிகக் கொஞ்சம். தண்ணீரின் வேலை தீயை அணைப்பது மட்டுமல்ல, மற்ற செல்களைக் குளிர வைப்பது. விமானப் பணியாளர்களுக்குச் சொல்லித் தருவதும் இதுதான்: முதலில் மின்சாரத்தைத் துண்டி, தீயை அணை, அப்புறம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இரு, ஐஸ் போடாதே, எதையும் போட்டு மூடாதே. மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். எரிகிறதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். புகையை மூக்கில் வாங்கவே கூடாது, அதில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு இருக்கும், அது நுரையீரலைப் புண்ணாக்குகிற வாயு. தீ சின்னதாக இல்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதுதான் வழி. எனக்கு இரண்டு நாள் தொண்டை கரகரத்தது, அதோடு தப்பித்தேன்.

ஃபிரிட்ஜ் விஷயம்: சிதைந்து வாயுவானது குளிர்ந்தால் திரும்பத் திரவமாகிவிடாது. ஈரம் படியும், அவ்வளவுதான் லாபம்.

அரைகுறை

சரி சரி, ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். பெயரிலேயே சொல்லியிருக்கிறேனே.

மின்மினி

செருகியே வைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை.

செருகி வைத்தால் ‘ஓவர் சார்ஜ்’ ஆகிவிடும் என்பது தவறான புரிதல். முழுதாக ஏறியதும் உள்ளே இருக்கிற சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும், லேப்டாப் நேராக அடாப்டரிலிருந்து ஓடும். பிரச்சினை முழுச் சார்ஜிலேயே கிடப்பது. லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், சிலவற்றில் இன்னும் மேலே போகும். அந்த உச்சியில் நிற்கும்போதுதான் உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமாக நடக்கும். அதோடு சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெயில்நிழல், உங்கள் விஷயத்தில் இரண்டும் சேர்ந்திருக்கிறது: 24 மணி நேரமும் நூறு சதவீதம், மாலையில் மெத்தை. பல லேப்டாப்புகள் காற்றை அடிப்பக்கத்து ஓட்டைகள் வழியாகத்தான் இழுக்கின்றன. மெத்தையில் வைத்தால் அவை அடைபடும், ஃபேன் கத்திக்கொண்டே இருக்கும், பேட்டரி வேகும். நான் கை வைத்துப் பார்க்கச் சொல்வேன், அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுவதற்குள் எடுக்கத் தோன்றினால் அந்த இடம் லேப்டாப்புக்குச் சரியில்லை.

செருகியே வைத்து வேலை செய்கிறவர்கள் சார்ஜ் எல்லையைக் குறைத்து வைத்தால் போதும். லெனோவோவில் கன்சர்வேஷன் மோடு என்று இருக்கும், ஏசூஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங் என்ற இடத்தில் 60 அல்லது 80 சதவீதம் என்று தேர்ந்தெடுக்கலாம், டெல்லில் பயாஸ் செட்டிங்கிலேயே ‘பெரும்பாலும் பிளக்கில்’ என்ற பொருளில் ஒரு வழி உண்டு, மேக்கில் ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங். ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடலாம். சிலர் அலாரம் வைத்து 80-ல் பிடுங்கி 40-ல் செருகிக்கொண்டு இருக்கிறார்கள், அந்தப் பைத்தியம் வேண்டாம். பேட்டரி நமக்கு வேலை செய்யத்தான் இருக்கிறது.

அப்புறம் “மாதம் ஒரு முறை பூஜ்யத்துக்கு இறக்கி ஏற்றணும்” என்பது நிக்கல் காட்மியம் காலத்து அறிவுரை. அதற்குத்தான் மெமரி எஃபெக்ட் என்ற நோய் இருந்தது, பாதியிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் போட்டால் அந்தப் பாதியோடு நின்றுவிடும். லித்தியம் அயான் 1991-லேயே சந்தைக்கு வந்து, அதற்காக 2019-ல் மூன்று பேருக்கு வேதியியல் நோபலும் கொடுத்தாகிவிட்டது, இந்த அறிவுரை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பூஜ்யத்துக்கு இறக்கி அப்படியே மாதக்கணக்கில் போட்டுவைப்பதுதான் உண்மையில் ஆபத்து. செல்லின் மின்னழுத்தம் ரொம்பக் கீழே போனால் நெகட்டிவ் பக்கத்துத் தாமிரத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏறும்போது வேண்டாத இடத்தில் படியும், ஷார்ட்டுக்கு அதுவே வழி. பயன்படுத்தாமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் பாதிச் சார்ஜில் அணைத்து, வெப்பமில்லாத இடத்தில் வையுங்கள். உறைகிற குளிரில் சார்ஜ் போடக் கூடாது, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் நெகட்டிவ் தகட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். வெளியே குளிரில் இருந்து வந்தால் கொஞ்சம் அறைச் சூட்டுக்கு வரவிட்டுச் செருகுங்கள்.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிய விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்வுக்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடியுங்கள் (ஆங்கிலத்தில்தான், தமிழில் அடித்தால் முழிக்கும்). ஒரு அறிக்கை வரும். டிசைன் கெப்பாசிட்டி 50,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 36,000 என்றும் இருந்தால் 72 சதவீதம் மிச்சம் என்று அர்த்தம். சைக்கிள் கவுண்ட் என்றால் செருகிய தடவை இல்லை, மொத்தம் நூறு சதவீதம் செலவானால் ஒரு சைக்கிள், இன்று பாதி நாளை பாதி என்றாலும் ஒன்றுதான். ஆப்பிள் தன் இப்போதைய மேக்புக்குகளுக்கு 1,000 சைக்கிள் என்று வைத்திருக்கிறது. ஆனால் ஒன்று, இந்த அறிக்கை உப்பலைக் காட்டாது. 90 சதவீதம் என்று காட்டும் பேட்டரியும் உப்பியிருக்கலாம், அதற்கு ஸ்கேலும் கண்ணும்தான்.

சோம்பேறி

மடியில் வைத்து வேலை செய்கிறவர்களும் கேளுங்கள். எனக்கு இடது தொடையில் வலை போட்ட மாதிரி பழுப்பாக ஒரு தழும்பு வந்தது, வலியே கிடையாது, தோல் டாக்டர் பார்த்ததும் “லேப்டாப்பா?” என்றுதான் கேட்டார். சுடுகிற அளவுக்குச் சூடு இருக்க வேண்டியதில்லையாம், மிதமான சூடு தினமும் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பட்டாலே போதுமாம். இப்போது ஒரு மரப்பலகை. தழும்பு மங்க எட்டு மாதம் ஆனது.

வெயில்நிழல்

எல்லோருக்கும் நன்றி. ஃபைல்களை எடுத்துவிட்டேன், முழுதாக அணைத்துவிட்டேன், தரையில் தனியாகக் கிடக்கிறது. தம்பியிடம் கரித்துகள் எழுதியதை அனுப்பினேன், இன்னும் பதில் வரவில்லை.

இன்னும் சில சந்தேகம். ஒன்று, புது பேட்டரி வாங்கும்போது எதைப் பார்ப்பது? தேடினால் அதே பெயரில் இருபது வருகிறது, சிலவற்றில் பழையதைவிட இரண்டு மடங்கு திறன் என்று போட்டிருக்கிறது. இரண்டு, அது வரும்வரை பேட்டரி இல்லாமல் அடாப்டரிலேயே ஓட்டலாமா? மூன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை, சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் மேல்தகட்டில் விரலை வைத்து மெல்ல இழுத்தால் மரத்துப்போன மாதிரி ஒரு ஜிவ்வென்ற உணர்வு. பேட்டரியால்தானா? கடைசியாக, அடுத்த மாதம் விமானத்தில் போக வேண்டும், இதைக் கையோடு கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமா என்றும் ஒரு யோசனை.

பயணப்பை

கடைசிக் கேள்விக்கு நான். உப்பின பேட்டரியோடு விமானத்தில் ஏறவே கூடாது, கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி. சேதமான பேட்டரிக்கு அனுமதி கிடையாது, அதுவும் பறக்கிறபோது கேபினில் எரிந்தால் ஓட இடமில்லை.

நல்ல பேட்டரிக்குக் கணக்கு வாட் அவரில் பார்ப்பார்கள். பேட்டரி மேல் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்குங்கள். 15.4 வோல்ட், 3.6 ஆம்பியர் அவர் என்றால் 55 வாட் அவருக்கு மேல். 100 வரை பொதுவாகக் கைப்பையில் கொண்டு போகலாம், 100-லிருந்து 160 வரை என்றால் விமான நிறுவனத்தைக் கேட்டாக வேண்டும், அதற்கு மேல் பயணிக்கு இல்லை. தனி பேட்டரியும் பவர் பேங்கும் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, முனைகள் எதிலும் உரசாமல் தனித்தனி உறையில் கையோடுதான். லேப்டாப்பையே பெட்டியில் போடுவதாக இருந்தால் ஸ்லீப்பில் விடாமல் முழுதாக அணைத்துப் போடுங்கள். ஸ்லீப்பில் விட்ட லேப்டாப் பைக்குள் தானே விழித்துக்கொண்டு அடுப்பு மாதிரி கொதித்ததை நான் ஒருமுறை பையை முதுகில் மாட்டியபோதுதான் உணர்ந்தேன்.

2019-ல் ஆப்பிள் 2015-க்கும் 2017-க்கும் இடையில் விற்ற ஒரு 15 அங்குல மேக்புக் ப்ரோ வரிசையின் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றபோது பல விமான நிறுவனங்கள் அந்த மாடலையே ஏற்ற மாட்டேன் என்றன. அதனால் ஒரு வார்த்தை: புதிது வாங்குவதற்கு முன்னால் உங்கள் மாடலுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். 2006-ல் டெல் மட்டுமே 41 லட்சம் பேட்டரியைத் திரும்பப் பெற்றது, செல்லுக்குள் உலோகத் துகள் கலந்திருந்ததுதான் காரணம். பயன்படுத்தியவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

திருப்புளி

மற்ற மூன்றுக்கும் நான்.

பேட்டரி வாங்க லேப்டாப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். கழற்றியதும் பழைய பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர், வோல்ட், வாட் அவர், இந்த மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு அதை வைத்துத் தேடுங்கள். முடிந்தால் தயாரிப்பாளரின் சேவை மையத்திலேயே. அதே அளவுப் பெட்டிக்குள் இரண்டு மடங்கு திறன் என்றால் லேபிளில்தான் இரண்டு மடங்கு, உள்ளே இல்லை. மலிவு பேட்டரிகளில் முதலில் மிச்சம் பிடிப்பது பாதுகாப்பு சர்க்யூட்டிலும் வெப்பத்தை உணரும் சென்சாரிலும்தான், அதனால் நன்றாக ஓடுவதை வைத்து எடை போட முடியாது. தயாரித்த தேதியும் பாருங்கள். மூன்று வருடம் அலமாரியில் கிடந்த ‘புது’ பேட்டரி வேண்டாம்.

பேட்டரி இல்லாமல் ஓடுமா என்பது மாடலைப் பொறுத்தது. பல ஓடும். சில வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும், ஏனென்றால் அடாப்டரால் முடியாத ஒரு கண நேரத் தேவைக்குப் பேட்டரிதான் கைகொடுக்கிறது. சில பவர் பட்டனையே கண்டுகொள்ளாது. கழற்றுகிறவரையே அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய கனெக்டரின் முனை மேல் கொஞ்சம் இன்சுலேஷன் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

அந்த ஜிவ் உணர்வுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை, அது அடாப்டர். உங்களுடையது இரண்டு முள் பிளக்காக இருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளே மின் இரைச்சலை அடக்க ஒரு சின்ன கபாசிட்டர் இருக்கும், அது வழியாக மில்லி ஆம்பியரில் ஒரு பங்குதான் கசியும், எர்த் இல்லாததால் அது உலோக உடம்பில் வந்து நிற்கிறது, நீங்கள் தொட்டால் உங்கள் வழியாகப் போகிறது. கூசும், பொதுவாக ஆபத்தில்லை. மூன்று முள் வயர் மாட்டி, சுவரில் இருக்கும் எர்த்தும் உண்மையிலேயே வேலை செய்தால் போய்விடும். கூச்சமாக இல்லாமல் சுரீரென்று அடித்தால், அல்லது அடாப்டர் வெடித்துப் பிளந்திருந்தால், அதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். வேறு அடாப்டர் போடுகிறவர்களுக்கு: வட்டப் பின் வகையில் வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். டைப்-சி என்றால் சார்ஜரும் லேப்டாப்பும் பேசி முடிவு செய்துகொள்ளும், அங்கே கேபிள்தான் கவனம். 60 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும், போனோடு வந்ததை எடுத்துச் செருகிவிட்டு மெதுவாக ஏறுகிறது என்று என்னிடம் வராதீர்கள். அடாப்டரில் வயரை இறுக்கிச் சுற்றாதீர்கள், கழுத்துப் பக்கம் உள் கம்பி ஒவ்வொன்றாக அறுந்து, கடைசி ஒன்றிரண்டில் மொத்தக் கரண்டும் போகும்போதுதான் அந்த இடம் உருகும்.

வெயில்நிழல்

கழற்றியாயிற்று! கடையில் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பன்னிரண்டு ஸ்க்ரூ, கடைசி ஸ்க்ரூவை எடுத்ததும் அடித்தகடு தானாகவே மேலே எழும்பியது, யாரும் நெம்பவே இல்லை. உள்ளே ஆறு செல், அதில் இரண்டு தலையணை மாதிரி. மீதி நாலும் தட்டையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி. முதலில் கனெக்டரைத்தான் கழற்றினார், பிளாஸ்டிக் அட்டையால்தான் நெம்பினார், நான் ஸ்டீல் ஸ்கேல் ஏதாவது தெரிகிறதா என்று மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தகட்டைத் திரும்ப மூடியதும் டச்பேட் ‘டிக்’கென்றது, சந்தோஷத்தில் நாலு தடவை அமுக்கினேன்.

பேட்டரி இல்லாமல் ஓடுகிறது, கொஞ்சம் மந்தம்தான். வயர் லேசாக இழுபட்டாலே மொத்தமும் போய்விடுகிறது, இரண்டு தடவை ஆகிவிட்டது, இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேவ் செய்கிறேன். சீரியல் எண்ணையும் போட்டுப் பார்த்தேன், அறிவிப்பு எதுவும் இல்லை. தம்பி போட்டோவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவனுடைய லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கரித்துகள்

நல்லது. கழற்றிய பழைய பேட்டரி எங்கே இருக்கிறது? கடையிலேயே விட்டீர்களா?

வெயில்நிழல்

இல்லை, பார்ட் நம்பர் பார்க்கணுமே என்று கையோடு வாங்கி வந்துவிட்டேன். மேசை டிராயரில் இருக்கிறது. சாவிக்கொத்து, கத்தரிக்கோல் எல்லாம் போட்டு வைக்கிற டிராயர்.

கரித்துகள்

போட்டோ எடுத்தாகிவிட்டது என்றால் இப்போதே வெளியே எடுங்கள். கனெக்டர் முனையில் டேப் ஒட்டுங்கள், அழுத்தாமல் ஒரு உலோக டப்பாவில் மணலுக்குள் வைத்து, மூடியை இறுக்காமல், வெயில் படாத இடத்தில் வெளியே வையுங்கள். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே எரியும். மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில், இது உப்பினது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள், மற்ற பேட்டரிகளோடு சேர்த்துப் போட மாட்டார்கள்.

வெயில்நிழல்

எடுத்துவிட்டேன். மணல் தேடப் போயிருக்கிறான் தம்பி.